வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கு

அந்தத் தோட்டத்தில் நான் மருத்துவச்சியாக இருந்த ஒன்பது வருஷத்தில் எனக்கு வந்த ஒரே குற்றக் கடிதம், ஒரே வாரத்தில் நான்கு பெண்கள் பிள்ளை பெற்றதற்காக வந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கடிதம். கீழே தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரையின் கையெழுத்து இருந்தது. இந்தத் தோட்டத்தில் வருஷத்துக்கு ஐம்பது சொச்சம் பிரசவம், அதாவது வாரத்துக்கு ஒன்று. அதற்கு இரண்டு கட்டில் தாராளம். அப்படியிருக்க ஒரே வாரத்தில் நான்கு பேரை வார்டில் சேர்த்தது ஏன், அதில் ஒருத்தியை மூன்றாம் நாளே வெளியே அனுப்பியது ஏன், ஒரு வாரத்துக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும் என்று அதில் இருந்தது.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி இரண்டு மைல் உள்ளே நடந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். ஃபெக்டரிக்குக் கீழே டிஸ்பென்சரி. அதை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஓர் அறைதான் பிரசவ வார்டு. இரண்டு இரும்புக் கட்டில், ஒரு மேசை, கொதிநீர்ப் பாத்திரம் வைக்க ஓர் அடுப்பு. மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரைத் தோட்டத்தில் எல்லோரும் டாக்டரையா என்பார்கள். பிரசவம் மட்டும் என் பொறுப்பு. கண்டியில் படித்து முடித்து, கல்யாணமும் ஆகி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷத்துக்குச் சற்று முன்னால் அங்கே வேலைக்குப் போனேன். என் கணவர் ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வார நாட்களில் டவுனில் தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை சாயந்தரம் வீட்டுக்கு வருவார்.

அந்த வாரம் நல்ல மழைக்காலம். திங்கட்கிழமை காலையில், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் உயரத்தில் இருந்த மேல் லயத்திலிருந்து ஒருத்தி வந்தாள். மூன்றாவது பிள்ளை. பத்து மணிக்கெல்லாம் சிரமமில்லாமல் பெற்றுவிட்டாள். செவ்வாய்க்கிழமை இன்னொருத்தி. இரண்டு கட்டிலும் நிறைந்தன. புதன்கிழமை மத்தியானம், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே ஒருத்தியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். அவளுக்குத் தரையில் பாய் விரித்து, மேலே கம்பளி போட்டேன். வியாழக்கிழமை காலையில் நான்காவது பெண் வந்தாள். தலைப்பிள்ளை. கால் இரண்டும் வீங்கியிருந்தன, முகமும் ஊதியிருந்தது. அவளைத் தரையில் போட எனக்கு மனம் வரவில்லை. சுவரோரம் மழைத்தண்ணீர் கசிந்து தரை ஈரமாக இருந்தது.

திங்கட்கிழமைக்காரியைப் பார்த்தேன். நாலு பேரில் அவள்தான் திடமாக இருந்தாள்.

"தாயி, ஒனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்குப் போயி படுத்துக்கிறியா? நாளைக்கு நானே வந்து பாக்குறேன்."

"போகச் சொன்னா போறேங்க," என்றாள்.

அவள் புருஷன் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான். மேல் லயத்துக்கு ஏறுவதற்குக் கல்லுப்படி இருநூறுக்கு மேல் இருக்கும். அவள் நடந்தே ஏறினாள். வழக்கமாக நான் ஒரு தாயை ஏழு நாள் வைத்திருப்பேன். அவளை மூன்று நாளில் அனுப்பினேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். கத்தரிக்கோலைக் கொதிக்கப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் புருஷன் மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றான். "ரத்தம் நிக்க மாட்டேங்குதுங்க," என்றான். நான் பையை எடுத்துக்கொண்டு படியேறி ஓடினேன். அவர்கள் குடியிருந்த ஒற்றையறைக் காம்பராவில், அவளுக்குக் கீழே விரித்திருந்த சாக்கு முழுக்க நனைந்திருந்தது. ஊசி போட்டேன். வயிற்றை அழுத்திப் பிடித்தேன். நாடி நூல்போல் ஓடியது. கம்பளியைக் கம்பில் கட்டி, அதில் அவளைப் படுக்கவைத்து, நான்கு பேர் கீழே தூக்கிவந்தார்கள். கொழுந்து லொறி ஃபெக்டரி வாசலில் நின்றது. அதில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வளைவுக்கு வளைவு லொறி குலுங்க, அவள் வயிற்றிலிருந்து என் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டாள். பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுக்குப் பால் வற்றிப்போனது. அவளுடைய நாத்தனார்தான் அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கப் போய், கட்டிலோரம் உட்கார்ந்து நாடியைப் பிடித்தேன். அவளே பேசினாள்.

"நீங்க போகச் சொன்னீங்க, போனேன். வேற என்னாங்க?"

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

லொறி போனதால் விஷயம் துரை காதுக்குப் போயிற்று. அவர் டாக்டரையாவிடம் அறிக்கை கேட்டிருக்கிறார். டாக்டரையா அதில், மருத்துவச்சி சில நேரம் பொய்வலியோடு வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்கிறாள், அதனால்தான் கூட்டம், என்று எழுதிவிட்டார். நான் நேரே போய்க் கேட்டேன்.

"நாலு பேரும் புள்ள பெத்தாங்களே, டாக்டரையா. இதுல எது பொய்வலி?"

அவர் மருந்துப் போத்தல்களைப் பார்த்துக்கொண்டே, "நான் என்னம்மா செய்யிறது? ஒரு வாரத்துல நாலு ஏன்னு தொர கேட்டாரு. ஏதாவது ஒரு காரணம் எழுதணுமே," என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். காரணம் ஏதாவது இருக்க வேண்டும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். லயத்துப் பெண்கள் பௌர்ணமி என்றார்கள். கங்காணி ஒருவர், அந்த வார்டில் ஏதோ தோஷம் இருக்கிறது, பூசை போட வேண்டும் என்றார். டாக்டரையா என்னைச் சொன்னார். எனக்கே கூட, நான் எங்கேயோ எதையோ தவறவிட்டதால்தான் நான்கு பேர் சேர்ந்து வந்துவிட்டார்கள் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது.

கடிதம் வந்த வாரம், வெள்ளிக்கிழமை வந்த என் கணவரிடம் அதைக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சிரிக்கிறதுக்கு இதுல என்னங்க இருக்கு? வேல போயிரும்போல இருக்கு எனக்கு."

"ஒன்னப் பாத்துச் சிரிக்கல. தொர அம்பத்திரண்ட அம்பத்திரண்டால வகுத்துட்டாரு. வகுத்தா ஒன்னு வரும், சரி. ஆனா புள்ளைங்க வகுத்துக்கிட்டு வராதே."

அவர் அப்போது தபாலில் ஒரு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அதில் புள்ளிவிபரம் ஒரு பாடம். எங்கள் வீட்டு மேசையில் பாதி இடம் அந்தப் புத்தகங்களுக்குத்தான். மறுநாள் சனிக்கிழமை வார்டில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ஒரு பழைய கலண்டர் தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, ஒன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வரை எழுதி, பிஸ்கட் டின் ஒன்றில் போட்டார்.

"ஒவ்வொரு சீட்டும் ஒரு வாரம். நீ ஒன்ன எடு. நம்பரச் சொல்லு. திருப்பி டின்னுலயே போட்டுரு, குலுக்கு, மறுபடி எடு. அம்பத்திரண்டு தடவ. ஒவ்வொரு தடவையும் ஒரு பொம்பளைக்கு வலி எடுக்குதுன்னு வச்சுக்க. எந்த வாரம்னு சீட்டு சொல்லட்டும்."

விளையாட்டுப்போல இருந்தாலும் எடுத்தேன். அவர் தாளில் கோடு கிழித்துக்கொண்டே வந்தார். முடித்துப் பார்த்தால், இருபது வாரத்துக்கு ஒரு கோடுகூட இல்லை. முப்பத்தேழாம் வாரத்தில் நான்கு கோடு. இரண்டு வாரங்களில் மும்மூன்று. நான் நம்பாமல் மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். இந்த முறை நான்கு எதிலும் இல்லை, ஆனால் மூன்று கோடு ஐந்து வாரங்களில் இருந்தது.

"இப்ப முப்பத்தேழாம் வாரத்துல நாலு வந்துச்சே, அது யாரு செஞ்ச தப்பு?" என்று கேட்டார்.

டின்னை எட்டிப் பார்த்தேன். டின்னுக்குள் பௌர்ணமியும் இல்லை, தோஷமும் இல்லை, நானும் இல்லை. அவ்வளவு எனக்கு விளங்கிவிட்டது.

பிறகு கணக்கைக் காட்டினார். சராசரி தெரிந்தால், எத்தனை பேர் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் அதற்குப் புவாசோன் பரம்பல் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயந்தேன், ஆனால் கணக்கு கடினமில்லை. சராசரி வாரத்துக்கு ஒன்று என்றால், ஒருத்தியும் வராத வாரத்துக்கான நிகழ்தகவு புத்தகத்தின் கடைசியில் இருக்கும் அட்டவணையில் கிடைக்கிறது: ஆயிரத்துக்கு 368. அதைச் சராசரியால் பெருக்கி ஒன்றால் வகுத்தால், ஒருத்தி வருவதற்கான நிகழ்தகவு, அதுவும் 368. அதையும் சராசரியால் பெருக்கி இரண்டால் வகுத்தால், இரண்டு பேர் வருவதற்கானது: 184. பிறகு மூன்றால் வகுக்க வேண்டும்: 61. நான்கால் வகுத்தால் 15. எங்கள் சராசரி ஒன்று என்பதால் பெருக்கும் வேலையே இல்லை, வகுத்துக்கொண்டே போனால் போதும்.

வருஷத்தின் ஐம்பத்திரண்டு வாரத்துக்கு அதைப் பரப்பினோம். பத்தொன்பது வாரம் வார்டு காலி. பத்தொன்பது வாரம் ஒருத்தி. பத்து வாரம் இரண்டு பேர். மூன்று வாரம் மூன்று பேர். ஒரு வாரம் நான்கு பேர். கூட்டிப் பார்த்தேன், சரியாக ஐம்பத்திரண்டு வந்தது.

"வருஷத்துக்கு ஒரு தடவ நாலு வரும். வரலேன்னாத்தான் யோசிக்கணும்," என்றார்.

"இது சீட்டுக் கணக்கு. தொர பொஸ்தகத்த நம்புவாரா?"

"அப்ப ஒன் பொஸ்தகத்த எடு."

என்னுடைய பிரசவப் பதிவேட்டைச் சொன்னார். அதில் மூன்று முழு வருஷங்கள் இருந்தன. திங்கள் தொடங்கி ஞாயிறு வரை ஒரு வாரம் என்று வைத்து, நான் தேதியை வாசிக்க, அவர் கோடு கிழித்தார். மொத்தம் நூற்றைம்பத்தொன்பது என்றார்.

"இல்ல, நூத்தம்பத்தாறு," என்றேன்.

"நூத்தம்பத்தொம்பது வரி இருக்கே?"

"மூணு தடவ ரெட்டப்புள்ள. ரெண்டு வரி எழுதியிருக்கேன். ஆனா அம்மா ஒருத்திதானே? கட்டிலும் ஒன்னுதானே?"

அவர் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இரட்டைப் பிள்ளைகளை இரண்டு தனி நிகழ்ச்சியாக எண்ணியிருந்தால் கணக்கே பிசகியிருக்கும், ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளுக்குத்தான் இந்தக் கணக்குப் பொருந்தும் என்றார். எனக்கு அந்தச் சொற்கள் அன்று முழுசாகப் புரியவில்லை. எண்ண வேண்டியது பிள்ளைகளை அல்ல, தாய்மாரை என்பது மட்டும் புரிந்தது. திரும்ப முதலிலிருந்து கோடு கிழித்தோம்.

நூற்றைம்பத்தாறு வாரத்தில் ஐம்பத்தொன்பது வாரம் ஒருத்தியும் இல்லை. ஐம்பத்துநாலு வாரம் ஒருத்தி. முப்பது வாரம் இரண்டு பேர். பத்து வாரம் மூன்று பேர். மூன்று வாரம் நான்கு பேர். புத்தகக் கணக்கு சொன்னது ஐம்பத்தேழு, ஐம்பத்தேழு, முப்பது, ஒன்பது, மூன்று. இரண்டு பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தோம். பௌர்ணமியையும் விட்டுவைக்கவில்லை. கலண்டரில் பௌர்ணமி விழுந்த வாரங்களைத் தனியாக எண்ணினோம். மற்ற வாரங்களைவிட ஒன்றும் கூடுதலாக இல்லை.

அப்போதுதான் வேறொன்று எனக்கு உறைத்தது. மூன்று வருஷத்தில் பதின்மூன்று வாரம் இரண்டு கட்டில் போதாமல் இருந்திருக்கிறது. அந்தப் பதின்மூன்று வாரமும் நான் என்ன செய்தேன்? பாய் விரித்தேன். ஒருத்தியை இரண்டு நாள் முந்தி அனுப்பினேன். ஒரு தடவை கம்பளிகளை அடுக்கி மேசையைக் கட்டிலாக்கினேன். எல்லாவற்றையும் சமாளித்தேன், ஒன்றையும் எழுதி வைக்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. சமாளிப்பதுதான் நல்ல மருத்துவச்சிக்கு அடையாளம் என்று எண்ணியிருந்தேன். துரைக்கு இரண்டு கட்டில் போதும் என்று தோன்றியதென்றால், அதில் என் பங்கும் இருந்தது. அன்றைக்கே கணவரிடம் இதைச் சொன்னேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. "அதையும் கடிதத்துல எழுதிரு," என்றார்.

எழுதினேன். நான்கு பேர் வந்தது வழக்கத்துக்கு மாறானது அல்ல, மூன்றாம் நாள் அனுப்பியது என் முடிவு, இதற்கு முன்னும் பதின்மூன்று வாரம் இப்படி இருந்தது, அதை நான் அறிவிக்காதது என் தவறு என்று எழுதி, இரண்டு பத்தி எண்களையும் கீழே போட்டேன். எத்தனை கட்டில் இருந்தால் வருஷத்தில் எத்தனை வாரம் போதாது என்பதையும் கடைசியில் சேர்த்தேன். ஆங்கிலத்தைக் கணவர் திருத்திக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை ஒஃபீசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. துரை வெள்ளைக்காரர். தோட்டத்தில் பழகிய தமிழ் பேசுவார். என் கடிதம் அவர் முன்னால் விரிந்து கிடந்தது.

"வருஷம் அம்பத்திரண்டு. ஒரு வாரம் ஒண்ணு. நீ சொல்றது, ஒரு வாரம் நாலு வரும்?"

"வருஷத்துக்கு ஒரு தடவ வரும்னு கணக்கு சொல்லுதுங்க. பதிவேட்டுல மூணு வருஷத்துல மூணு தடவ வந்திருக்கு."

"எந்த வாரம் வரும்? அதைச் சொல்லு. அந்த வாரம் கட்டில் குடுக்கறேன்."

"அது மட்டும் கணக்குக்குத் தெரியாதுங்க."

"தெரியாது," என்று திருப்பிச் சொன்னார். "அப்போ என்னா கணக்கு இது?"

கடிதத்தின் கடைசி வரிகளைக் காட்டினேன்.

"ரெண்டு கட்டில்னா வருஷத்துல நாலு வாரம் போதாதுங்க. மூணு கட்டில்னா ஒரு வாரம் போதாது. நாலு கட்டில் இருந்தா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவதான் போதாது. எந்த வாரம்னு தெரியாததாலதான் எப்பவும் இருக்கணும்ங்க."

அவர் பதிவேட்டைக் கேட்டார். கொடுத்தேன். பத்து நிமிஷத்துக்கு மேல் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இடையிடையே பென்சிலால் ஏதோ எண்ணினார். ஃபோர்முலாவை அவர் பார்க்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். என் கையெழுத்தில் இருந்த தேதிகளைத்தான் பார்த்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, "இந்த வாரம் நாலு. எங்கே படுத்துச்சு?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரு கட்டில்ல, ஒருத்தி பாயில, ஒருத்தி மேசையிலங்க."

"மேசையிலே?"

"ஆமாங்க."

அவர் பதிவேட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். "சரி, போ," என்றார். நான் வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

அடுத்த வாரம் தச்சன் வந்து வார்டுத் தரையில் பலகை அடித்தான். அதற்கடுத்த வாரம் மூன்றாவது இரும்புக் கட்டில் வந்தது. நாலாவது கட்டில் கேட்டதற்கு, துரை தன் பங்களாவிலிருந்து மடக்குக் கட்டில் ஒன்றை அனுப்பினார். வேட்டைக்குப் போகும்போது அவர் கொண்டுபோகிற கட்டில் அது. நான்கு பேர் சேர்ந்த வாரங்களில் அதை விரித்தோம். குற்றக் கடிதம் திரும்பப் பெறப்படவில்லை. அது என் ஃபைலில் அப்படியே இருந்தது என்று ஒஃபீசில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் சொன்னார். டாக்டரையா என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வார்டைப் பற்றித் துரைக்கு எதை எழுதினாலும் முதலில் என்னிடம் வாசித்துக் காட்டினார். ஏழு நாளுக்கு முன்னால் ஒருத்தியையும் நான் வீட்டுக்கு அனுப்பவில்லை.

மனம் முழுக்க ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான்காவது பெண் வந்தது யார் தப்பும் இல்லை என்று கணக்கு சொன்னது. யாரை அனுப்புவது என்று தேர்ந்தது நான். அதற்குக் கணக்கு ஒன்றும் சொல்லவில்லை, சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

சில வருஷம் கழித்து, பக்கத்தில் இருந்த சின்னத் தோட்டத்தின் டிஸ்பென்சரியை மூடினார்கள். இனிமேல் அந்தத் தோட்டத்துப் பெண்களும் எங்கள் வார்டுக்குத்தான் வருவார்கள் என்று ஒஃபீசிலிருந்து சீட்டு வந்தது. அந்தத் தோட்டத்தில் வருஷத்துக்கு எத்தனை பிரசவம் என்று விசாரித்தேன். இருபத்தாறு போல இருக்கும் என்றார்கள். எங்களுடையதோடு சேர்த்தால் எழுபத்தெட்டு. வாரத்துக்கு ஒன்றரை.

அன்று புதன்கிழமை. கணவர் டவுனில் இருந்தார். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. மேசையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அட்டவணையில் ஒன்றரைக்கு நேரே பார்த்தேன்: ஆயிரத்துக்கு 223. இந்த முறை பெருக்கலும் இருந்தது. ஒன்றரையால் பெருக்கி ஒன்றால் வகுத்தேன், பிறகு ஒன்றரையால் பெருக்கி இரண்டால், பிறகு மூன்றால், நான்கால். மூன்று கட்டில் வருஷத்தில் மூன்று நான்கு வாரம் போதாது. நான்கு கட்டில் ஒரு வாரம் போதாது. இரண்டு தடவை சரிபார்த்தேன். பிறகு கடிதத்தை நானே ஆங்கிலத்தில் எழுதினேன். பிழைகள் இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை கணவர் வந்து தாளைப் பார்த்தார். ஓரிடத்தில் எழுதும்போது தசமப் புள்ளி தள்ளிப் போயிருந்ததைத் திருத்தினார். விடை மாறவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார்.

"வகுக்கத் தெரியாதா எனக்கு?" என்றேன்.

திங்கட்கிழமை கடிதம் ஒஃபீசுக்குப் போயிற்று. பக்கத்துத் தோட்டத்திலிருந்து முதல் பெண் வருவதற்கு எட்டு நாள் முன்னால், லொறியில் நாலு கால்களையும் மேலே நீட்டிக்கொண்டு இன்னொரு இரும்புக் கட்டில் வந்து இறங்கியது. பச்சைப் பெயின்ட் இன்னும் காயவில்லை. வாசலில் இரண்டு நாள் வெயிலில் வைத்து உள்ளே எடுத்தோம்.